கரை சேர்த்த கயிறு: ஒரு கடற்படை வீரரின் வாழ்வும் ஒரு தீவின் மௌனமும்



போர் இலக்கியம் என்றவுடன் முதல் உலகப் போரின் ஆங்கிலக் கவிஞர்கள் நினைவுக்கு வருவது இயல்பு. வில்ஃப்ரெட் ஓவன் 1918 நவம்பர் 4 அன்று களத்தில் மாண்டார். அடுத்த வாரம் போர் ஓய்ந்தது. அவர் இறந்த செய்தி, போர் நிறுத்தம் அறிவிக்கப்பட்ட நாளிலேயே அவருடைய தாயை வந்தடைந்தது. கவிதையும் வாழ்வும் ஒன்றையொன்று தொட்டுக்கொள்ளும் இத்தகைய செய்திகள் இலக்கிய வரலாற்றில் இடம் பெற்றுவிடுகின்றன. ஆனால் ஓவனும் அவரை ஒத்தவர்களும் பெரும்பாலும் கல்வி வாய்க்கப் பெற்ற அதிகாரிகள். எழுத்தும் அச்சும் அவர்களுக்கு எட்டும் தொலைவில் இருந்தன. அதே போரில் சிற்றூர்களிலிருந்து கடற்படைக்குச் சென்ற மீனவர்களும் உழவர்களும் எதனை எழுதினார்கள்? பெரும்பாலோர் எதனையும் எழுதவில்லை. எழுதாதது மட்டுமன்று, பலர் பேசவும் இல்லை. அவ்வாறு வாழ்ந்த ஒரு சமூகத்தையும், அதன் நடுவே நின்ற ஒரு மனிதரையும் பற்றியது இவ்வுரை. அவர் பெயர் ஜான் ஃபின்லே மக்லியோட். ஸ்காட்லாந்தின் வடமேற்கே, அட்லாண்டிக் பெருங்கடலில் உள்ள லூயிஸ் தீவின் வடகோடியில், போர்ட் ஆஃப் நெஸ் என்னும் சிற்றூரைச் சேர்ந்தவர். தொழிலால் படகு கட்டுபவர்.

நிலமும் மொழியும்

ஒரு மனிதரை அறிய அவர் நிலத்தை அறிய வேண்டும் என்பது திணைக்கோட்பாடு கற்பிக்கும் முதற்பாடம். லூயிஸ் தீவு மரங்கள் மிகக் குறைந்த நிலம். மேற்பரப்பில் பெரும்பகுதி கரிச்சேற்று நிலம். அதனை வெட்டி உலர்த்தியே மக்கள் அடுப்பெரித்தனர். 'குரோஃப்ட்' எனப்படும் சிறு நிலத்துண்டில் உருளைக்கிழங்கும் வாற்கோதுமையும் பயிரிட்டு, சில ஆடுகளை வளர்த்து, கடலில் மீன் பிடித்து வாழ்ந்தனர். நிலம் மட்டும் சோறிடாது. கடல் மட்டும் சோறிடாது. இரண்டும் சேர்ந்தாலே ஒரு குடும்பம் ஓராண்டைக் கடக்க முடியும். பேசிய மொழி கேலிக். தொழுகையும் தாலாட்டும் ஒப்பாரியும் அம்மொழியில்தான் நிகழ்ந்தன. ஆங்கிலம் பள்ளிக்கும் அரசுக்கும் உரியதாக இருந்தது.

நெஸ் பகுதி மீனவரின் படகுக்கு 'ஸ்கோத் நிஷாக்' என்று பெயர். மேற்றளம் இல்லாத, ஒற்றைப் பாய் கொண்ட, ஏறத்தாழ முப்பதடி நீளப் படகு அது. பாதுகாப்பான துறைமுகம் இல்லாத கரையிலிருந்து திறந்த கடலுக்குள் செல்வதற்கென்றே அமைந்தது. அக்கடல் இரக்கமற்றது. 1862 டிசம்பரில் ஒரே நாளில் நெஸ் மீனவர் 31 பேர், ஐந்து படகுகளோடு கடலில் மறைந்தனர். படகு கட்டுதல் அவ்வூரில் வெறுந் தச்சுத்தொழில் அன்று. ஒவ்வொரு பலகையின் இணைப்பிலும் ஓர் அண்டைவீட்டாரின் உயிர் இருந்தது. அத்தகைய தொழிற்குடியில் பிறந்தவர் மக்லியோட்.

போரும் தீவும்

பிரிட்டிஷ் கடற்படைக்குத் துணையாகச் சேமக் கடற்படை ஒன்று இருந்தது. கடலறிந்த மீனவர்களைச் சேர்த்து, ஆண்டுதோறும் சில வாரங்கள் பயிற்சியளித்து, அதற்கெனச் சிறு ஊதியமும் தருவர். குரோஃப்ட் வாழ்வில் கைக்காசு அரிது. ஆதலால் லூயிஸ் இளைஞர் பலர் அதில் பெயர் பதிந்தனர். 1914 ஆகஸ்டில் அழைப்பு வந்தபோது தீவின் மக்கள்தொகை ஏறத்தாழ 30,000. அதிலிருந்து 6,000-க்கும் மேற்பட்டோர் போருக்குச் சென்றனர். ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் திரும்பவில்லை. ஐந்தில் ஒருவர் போருக்குப் போன தீவில், எந்த வீட்டில்தான் காத்திருப்பு இல்லாமல் இருந்திருக்கும்?

1918 நவம்பர் 11 அன்று போர் நிறுத்தம் வந்தது. ஆண்டின் இறுதியில் கடற்படையினருக்கு விடுமுறை கிடைத்தது. ஸ்காட்லாந்து மக்களுக்குப் புத்தாண்டு இரவு ஆண்டின் தலையாய திருநாள். நான்காண்டுகளுக்குப் பின் அந்த இரவை வீட்டு அடுப்பருகே கழிக்கப்போகிறோம் என்ற நினைவோடு நூற்றுக்கணக்கானோர் டிசம்பர் 31 அன்று கைல் ஆஃப் லாக்கால்ஷ் என்னும் துறையில் வந்து இறங்கினர். வழக்கமாகச் செல்லும் அஞ்சல் கப்பலான 'ஷீலா'வில் இடம் போதவில்லை. எனவே கடற்படையின் பணியிலிருந்த 'யூலரே' என்ற கப்பல் ஸ்டோர்னவே துறைமுகத்திலிருந்து வரவழைக்கப்பட்டது. செல்வர்கள் உலாப் போவதற்காக 1881-இல் கட்டப்பட்ட பழைய கப்பல் அது. 'யூலரே' என்றால் கேலிக் மொழியில் கழுகு. ஏறத்தாழ 280 பேர் அதில் இருந்தனர். உயிர்காப்புப் படகுகளில் நூறு பேருக்கே இடம்; உயிர்காப்புக் கச்சைகள் எண்பது மட்டுமே.

வீட்டில் உலர்ந்த உடைகள் நெருப்பருகே தொங்கின. அடுப்பில் நீர் கொதித்துக்கொண்டிருந்தது.

அந்த இரவு

1919 ஜனவரி முதல் நாள். பின்னிரவு இரண்டு மணியை நெருங்கும் நேரம். காற்று வலுத்திருந்தது. துறைமுக விளக்கு கண்ணுக்குத் தெரிந்தது. அவ்வழியே வந்த மீன்பிடிப் படகொன்றின் தலைவர், முன்னே சென்ற கப்பல் துறைமுக வாயிலுக்குத் திரும்பாமல் நேரே செல்வதைக் கவனித்தார். சற்று நேரத்தில் 'யூலரே' ஹோல்ம் முனையின் பாறைகளில் மோதியது. அப்பாறைகளுக்கு அவ்வூரார் இட்ட பெயர் 'ஹோல்மின் விலங்குகள்'. துறைமுகம் ஒரு மைலுக்கும் குறைந்த தொலைவு. கரையோ சில பாகத் தொலைவே. கரை அவ்வளவு அண்மையில் இருந்ததுதான் அந்த இரவின் கொடுமை. அண்மை கண்டு குதித்தவர்களை அலை பாறையில் அறைந்தது. முழுச் சீருடையும் கனத்த காலணிகளும் அணிந்திருந்தவர்களுக்கு நீச்சல் அறிந்திருந்தும் பயனில்லை. மீனவரில் பலருக்கு நீச்சலே தெரியாது.

அந்நிலையில் மக்லியோட் ஒரு மெல்லிய கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு கடலில் குதித்தார். அலை அவரைக் கரையில் எறிந்தது; மீண்டும் உள்ளே இழுத்தது; மறுபடியும் எறிந்தது. அவர் பாறையைப் பற்றிக்கொண்டு மேலேறினார். கயிறு கையில் இருந்தது. முதலில் சிலர் அதைப் பிடித்துக் கரையேறினர். பின்னர் அம்மெல்லிய கயிற்றைக்கொண்டு பருத்த வடம் ஒன்றைக் கப்பலிலிருந்து இழுத்தனர். கரை சேர்ந்தவர்கள் அதனை இறுகப் பிடித்துக்கொள்ள, மற்றவர்கள் ஒருவர்பின் ஒருவராக அதன் வழியே வந்தனர். வழியில் அலை பறித்தவர்களும் உண்டு. ஏறத்தாழ நாற்பது பேர் அவ்வடத்தால் பிழைத்தனர். பிழைத்தோர் மொத்தம் 79 பேர். அவர்களில் ஏறக்குறைய பாதிப் பேரைக் கரை சேர்த்தது ஒரு கயிறு.

இங்கே ஒன்றைக் கருத வேண்டும். கயிற்றைக் கொண்டுவந்தவர் ஒருவர். பிடித்து நின்றவர்கள் பலர். தாம் பிழைத்தபின் ஓடிப்போகாமல், குளிரில் நனைந்த உடலோடு பாறையில் காலூன்றி நின்று, பின்வருவோருக்காக வடத்தைத் தாங்கியவர்களின் பெயர்கள் எல்லாம் வரலாற்றில் தனித்தனியே பதிவாகவில்லை. வீரம் என்ற சொல்லை நீந்தியவருக்கு மட்டும் அளித்துவிட்டு, நின்றவர்களை மறந்தால் அந்த இரவை முழுமையாக அறிந்தவர்கள் ஆக மாட்டோம்.

அதே நெஸ் பகுதியைச் சேர்ந்த டொனால்ட் மாரிசன் என்ற இளைஞர், 'ஆம் பாட்ச்' என்று ஊரார் அழைத்தவர், கப்பலின் பாய்மரத்தில் ஏறிக்கொண்டார். உடன் ஏறியவர்கள் ஒவ்வொருவராகக் கைதளர்ந்து வீழ்ந்தனர். விடிந்து நெடுநேரம் கழித்து மீட்புப் படகு வரும்வரை அவர் ஒருவரே மரத்தைப் பற்றியிருந்தார். அவருடைய அண்ணன் ஆங்கஸ் அதே கப்பலில் இறந்தார்.

விடியலும் விசாரணையும்

இறந்தோர் 201 பேர். அவர்களுள் லூயிஸ் தீவினர் 174 பேர். அண்டையிலுள்ள ஹாரிஸ் பகுதியினர் 7 பேர். ஏனையோர் கப்பற் பணியாளரும் பிறரும். போரின் கண்ணிவெடிகளையும் நீர்மூழ்கிகளையும் தப்பி வந்தவர்கள், தம் ஊரின் விளக்கொளி தெரியும் இடத்தில் மாண்டனர். உடல்கள் ஊர்களுக்கு வண்டிகளில் சென்றன. ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினரின் உடல்கள் கிடைக்கவே இல்லை. குழந்தைகளுக்கென வாங்கிவந்த பொம்மைகளும் கரையில் ஒதுங்கின. இன்னும் பல உடல்கள் கடலிலிருந்து மீட்கப்படாத நிலையில், அந்த ஜனவரி மாதம் முடியுமுன்னரே, உடைந்த கப்பலைக் கடற்படைத் துறை விற்பனைக்கு அறிவித்தது. அலுவலக ஒழுங்கில் அது ஒரு சாதாரண நடவடிக்கை. தீவு மக்கள் அதனை மறக்கவில்லை.

பிப்ரவரியில் ஸ்டோர்னவே நகரில் பொது விசாரணை நடந்தது. கப்பலின் அதிகாரிகளுள் ஒருவரும் உயிரோடில்லை. ஆதலால் கப்பல் ஏன் வழி தவறியது என்பதற்கு விடை சொல்லத்தக்க வாய் இல்லை. ஊர்ப் பெருமக்கள் அடங்கிய நடுவர் குழு, துறைமுகத்தை அணுகும்போது அதிகாரிகள் போதிய கவனம் காட்டவில்லை, கப்பலின் விரைவைக் குறைக்கவில்லை, முன்நோக்கும் காவலாளி பணியில் இல்லை, உயிர்காப்புக் கருவிகள் போதவில்லை என்று முடிவு கூறியது. ஹோல்ம் பக்கம் ஒரு விளக்கு அமைக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. கப்பலில் இருந்தோர் எவரும் குடிபோதையில் இல்லை என்பதையும் தெளிவாகப் பதிவு செய்தது. புத்தாண்டு இரவு என்பதால் எழுந்த வதந்திக்கு அது மறுப்பு. இறந்தவர்கள் பேச முடியாது. அவர்களின் மானத்தைக் காக்க அவ்வொரு வாக்கியமேனும் ஏட்டில் ஏறியது.

மௌனத்தின் ஆண்டுகள்

அதன்பின் தீவு மௌனமாயிற்று. பிழைத்தவர்களுள் பலர் அந்த இரவைப் பற்றித் தம் மனைவி மக்களிடமும் பேசவில்லை. தந்தை அக்கப்பலில் இருந்தார் என்பதையே பிள்ளைகள் பிறர் சொல்லித் தெரிந்துகொண்ட குடும்பங்கள் உண்டு. இம்மௌனத்துக்குக் காரணம் துயரம் மட்டுமன்று. ஒரே சிற்றூரில் பிழைத்தவர் வீடும் மாண்டவர் வீடும் அடுத்தடுத்து இருந்தன. தேவாலயத்தில் ஒரே வரிசையில் அமர வேண்டும். ஒரே கரிச்சேற்று நிலத்தில் ஒன்றாகக் கரிக்கட்டி வெட்ட வேண்டும். 'நான் எப்படிப் பிழைத்தேன்' என்று ஒருவர் சொல்லத் தொடங்கினால், அது 'உன் மகன் எப்படி இறந்தான்' என்பதில் சென்று முடியும். சொல்லாதிருத்தல் அங்கே ஒருவகை அறமாக இருந்தது.

ஊரும் தளர்ந்தது. வீரர்களுக்கு வாக்களிக்கப்பட்ட நிலம் எளிதில் கிடைக்கவில்லை. தீவை 1918-இல் விலைக்கு வாங்கிய செல்வர் லெவர்ஹியூம் பிரபு மீன்பிடித் தொழிலைப் பெருக்கும் திட்டங்களை வகுத்தார்; 1923-இல் அவற்றைக் கைவிட்டு வெளியேறினார். அதே ஆண்டு ஏப்ரலில் 'மெட்டகாமா' என்ற கப்பல் ஏறத்தாழ 300 இளைஞர்களை ஸ்டோர்னவேயிலிருந்து கனடாவுக்கு ஏற்றிச் சென்றது. ஒரு கப்பல் ஒரு தலைமுறையைக் கரைக்கு அருகே விட்டது. மற்றொரு கப்பல் அடுத்த தலைமுறையைக் கரையிலிருந்து கொண்டுபோனது. விபத்து நிகழ்ந்த இடத்தில் நினைவுத்தூண் எழும்ப நாற்பதாண்டளவு ஆயிற்று.

இவ்வாண்டுகளில் மக்லியோட் என்ன செய்தார்? படகு கட்டினார். போருக்கு முன் செய்த தொழிலைப் போருக்குப் பின்னும் செய்தார். 1935-இல் அவர் கட்டிய 'ஜூபிலி' என்ற ஸ்கோத் படகு, பல பத்தாண்டுகளுக்குப் பின் செப்பனிடப்பட்டு மீண்டும் கடலில் மிதந்தது. அத்தொழிலை அவரிடமிருந்து அவர் மகன் ஜான் மர்டோ கற்றார். 'ஆன் சூலரே' என்ற பெயரில், பழைய முறைப்படி முழுப் பாய்ப்படகு ஒன்றை 1994-இல் அம்மகன் கட்டினார். கடல் தன் ஊராரை விழுங்கியதைக் கண்ணாற் கண்ட ஒருவர், கடலை விட்டு விலகாமல், அதன்மேல் மனிதரைப் பத்திரமாகத் தாங்கும் பொருளைத் தம் கையால் செய்துகொண்டே இருந்தார். எழுத்தில் அவர் விட்டுச் சென்ற காவியம் ஏதுமில்லை. பலகையும் ஆணியும் பாயும் உள்ளன.

கரையில் நின்ற கவிதை

இனி, கவிஞர்களுக்கு உரிய வினா. பேச மறுத்த ஒரு சமூகத்தின் துயரத்தை இலக்கியம் எவ்வாறு பேசியது?

லூயிஸ் தீவின் மெல்போஸ்ட் ஊரைச் சேர்ந்த கேலிக் கவிஞர் மர்டோ மக்ஃபார்லன் (1901-1982) இவ்விபத்தைப் பற்றி இயற்றிய பாடல் இன்றும் பாடப்படுகிறது. அப்பாடலின் நடுவே நிற்பவள், புத்தாண்டு இரவில் தன் அன்பனை எதிர்நோக்கி மகிழ்வோடு வீட்டுவேலை செய்துகொண்டிருக்கும் ஓர் இளம்பெண். அதே தீவில் பேபிள் ஊரில் வளர்ந்த இயன் கிரைட்டன் ஸ்மித் (1928-1998) 'யூலரே' என்ற தலைப்பிலேயே ஆங்கிலத்தில் ஒரு கவிதை எழுதினார். அதில் பேசுபவர் தேவாலயத்தின் மூப்பர் ஒருவர். கடல் கொண்டுவந்த உடல்களின் முன்னே தம் நம்பிக்கை ஆட்டங்காண நிற்பவர். கேலிக் உரைநடையில் டார்மோட் கேலம் டோனலாக் 1978-இல் இவ்விபத்தைப் பற்றி ஒரு நூல் எழுதினார். நெஸ் பகுதியில் வளர்ந்த டொனால்ட் எஸ். மரே 2018-இல் வெளியிட்ட நாவலில், பிழைத்துவந்த ஒருவரின் வாழ்வு அவருடைய பேரனின் கண் வழியாகக் காட்டப்படுகிறது. பேரன் காண்பது விபத்தை அன்று. விபத்துக்குப் பிந்திய தாத்தாவின் மௌனத்தை.

இவற்றுள் ஒரு பொதுமை தெரிகிறது. பாடலில் காத்திருக்கும் பெண்; கவிதையில் மூப்பர்; நாவலில் பேரன். மூவரும் கரையில் நிற்பவர்கள். மூழ்கியவனின் வாயில் புகுந்து இம்மூவரில் எவரும் பேசவில்லை. கயிறு சுற்றி நீந்தியவனின் மார்பில் தம் சொற்களைக் கட்டவும் இல்லை. இதனைக் கற்பனைக் குறைவு என்று கொள்ளலாகாது. தாம் அறியாததை அறிந்ததாகக் காட்டிக்கொள்ளாத அடக்கம் அது.

இவ்வடக்கம் தமிழ்க் கவிஞர்களுக்குப் புதியதன்று. நெய்தல் திணைக்கு உரிப்பொருள் இரங்கல். நெய்தற் பாடல்களில் பெரும்பாலும் பேசுபவர் தலைவியும் தோழியும், கரையில் நிற்பவர்கள். புறத்திணையில் கையறுநிலை என்னும் துறையும் இறந்தவனின் குரலாக அமைவதில்லை. இருப்பவர் தம் செயலற்ற நிலையைச் சொல்வதாக அமைகிறது. செயலற்று நிற்பதை ஒப்புக்கொள்வதே அத்துறையின் பெயரிலேயே உள்ள இலக்கணம். வடகடல் தீவின் கேலிக் பாடகரும் நம் நெய்தற் புலவரும் ஒருவரையொருவர் அறியார். ஆயினும் கடல் கொண்டவரைப் பாடும்போது எங்கே நின்று பாடுவது என்பதில் இருவரும் ஒரே இடத்தைத் தேர்ந்தனர்.

கவிதை எழுதுவோர் இதிலிருந்து கொள்ளத்தக்கது ஒன்று உண்டு. துயருற்ற மக்களின் சார்பில் பேசுகிறோம் என்ற ஆர்வம் நல்லதே. ஆனால் பேசாதவரின் மௌனம் எப்போதும் வெற்றிடம் அன்று. நம் சொற்களால் நிரப்பப்படுவதற்காக அது காத்திருக்கவும் இல்லை. அண்டை வீட்டாரின் மனம் நோகாதிருக்க ஒருவர் வாழ்நாள் முழுதும் காத்த மௌனத்தை, ஓர் உவமைக்காக உடைத்துவிடக் கவிஞனுக்கு உரிமை கிடையாது. அதே வேளையில், அந்த மௌனத்தோடு உண்மையும் புதைந்துபோக விடுவதும் முறையன்று. விளக்கு ஏன் அங்கே இல்லை, கச்சைகள் ஏன் எண்பது மட்டும் இருந்தன, உடல்கள் கிடைக்குமுன் கப்பல் ஏன் விலைக்கு வந்தது என்ற வினாக்களை எவரேனும் கேட்டே ஆக வேண்டும். இவ்விரண்டுக்கும் இடையே கால் ஊன்றி நிற்பது எளிதன்று. அந்த இரவில் வழுக்கும் பாறைமேல் வடத்தைப் பிடித்து நின்றவர்களுக்கும் அது எளிதாக இருக்கவில்லை.

கடலிலிருந்து ஒரு கயிறு கரைக்கு வந்துவிட்டது. கொண்டுவந்தவர் பேசவில்லை, தம் ஊருக்குத் திரும்பிப் படகு கட்டப் போய்விட்டார். மறுமுனையை இறுகப் பிடித்து நின்று, பின்வருவோரைக் கரையேற்றுவது இலக்கியத்தின் வேலை. நூறாண்டு நிறைவான 2019 ஜனவரி முதல் நாளில் லூயிஸ் தீவினர் ஹோல்ம் முனையில் கூடி இறந்தோரை நினைவுகூர்ந்தபோது, பிழைத்தவர்களில் ஒருவரும் உயிரோடில்லை. ஆம் பாட்ச் 1990-இல் மறைந்தார். பிழைத்தோருள் இறுதியானவர் 1992-இல் மறைந்தார். ஆயினும் கரையில் நின்றவர்கள் பலர். அவர்களிடம் பாடல் இருந்தது, கவிதை இருந்தது, நாவல் இருந்தது, நெஸ் கரையில் மக்லியோட் குடும்பத்தார் கட்டிய படகும் இருந்தது.

பத்தாண்டு நிறைவெய்தும் ஓர் இலக்கிய வட்டம் தன்னை எவ்வாறு அளந்துகொள்ளலாம்? எத்தனை கூட்டங்கள் நடந்தன, எத்தனை நூல்கள் வெளிவந்தன என்பன ஒரு கணக்கு. எழுதத் தெரியாத, எழுத விரும்பாத மனிதர்களின் வாழ்வுக்கு அருகே எத்தனை முறை போய் நின்றோம், நின்றபோது கயிற்றைக் கைவிடாதிருந்தோமா என்பது மற்றொரு கணக்கு. இரண்டாவது கணக்கை அடுத்த பத்தாண்டுகளில் இவ்வட்டம் நிறைவு செய்யுமாக.